பழைய காருக்கு மாற்று என்ஜின், மாற்று கியர்பாக்ஸ்: வாசகர் கேள்விகள்

என் புரோட்டோன் வீரா 1.5, 340,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. புகை அடிக்கிறது, ஆயில் குறைகிறது. ஹாஃப்-கட் என்ஜின் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின் என்ஜின்) போடச் சொல்கிறார் ஃபோர்மேன். போடலாமா? (செந்தூல்)

புகை எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாக வந்து அடங்கிவிட்டால் வால்வு சீல் காய்ந்திருக்கும். அதற்கு என்ஜினை இறக்கவே வேண்டாம். மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங் மேல்தான் சந்தேகம். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்: என்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த அளவுகளைப் பார்க்காமல் என்ஜின் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

பிறையில் ஹாஃப்-கட் என்ஜின் வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது? (பட்டர்வொர்த்)

கிராங்க் (என்ஜினின் முதன்மைத் தண்டு) போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் முட்டாமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். மாதக்கணக்கில் கிடந்த என்ஜினில் பிளக் துளை வழியே தண்ணீர் இறங்கி, சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் கறுப்புப் பசை இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் கார் கார்புரேட்டரா இன்ஜெக்ஷனா, ஆட்டோவா மேனுவலா என்று சொல்லியே கேளுங்கள். பிளாக் ஒன்றாக இருந்தாலும் வயரிங்கும் ஈசியுவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சேராது.

என்ஜின் வெளியே இருக்கும்போதே கிராங்க் சீல் இரண்டும், கேம் சீல், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மவுண்டிங் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பின் கிராங்க் சீல் சின்னச் சாமான்தான். பிறகு அது ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். பழைய என்ஜின் சூடேறிச் செத்ததென்றால் ரேடியேட்டரையும் மாற்றுங்கள். அதை விட்டுவைத்தால் வந்த என்ஜினும் அதே வழியில் போகும்.

புரோட்டோன் வாஜா ஆட்டோ கியர்பாக்ஸ் மாற்றி மூன்றே மாதம், மறுபடி ஸ்லிப் ஆகிறது (என்ஜின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை). சாமான் மோசமா? (பாயான் பாரு)

சாமானைக் குறை சொல்வதற்கு முன் மாட்டிய விதத்தை விசாரியுங்கள். பழைய கியர்பாக்ஸின் கிளட்ச் தூள் கூலர் குழாயிலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரிலும் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் தூள் முழுவதும் புதியதன் வால்வு பாடிக்குள் (ஆயிலை வழிநடத்தி கியர் மாற்றும் பகுதி) போகும். பழைய ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில்) ஆயர் பண்டோங் (ரோஸ் பால்) நிறத்தில் இருந்திருந்தால் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது கழுவிப் பயனில்லை, ரேடியேட்டரே மாற வேண்டும்.

அடுத்தது டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினுக்கும் ஆட்டோ கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியே விசையைக் கடத்துவது). அதை உள்ளே தள்ளிச் சுற்றும்போது தடக், தடக் என்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படி இறங்காமல் என்ஜினோடு சேர்த்து போல்ட்டை இறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையும். கியர்பாக்ஸ் என்ஜினோடு முழுதாக ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும், சில மில்லிமீட்டர் முன்பின் நகர வேண்டும். நகராவிட்டால் இறுக்குவதை நிறுத்திக் கழற்றச் சொல்லுங்கள். அவசரமாக முடித்துக் கொடுக்கும் வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடம்தான்.

கியர்பாக்ஸ் ஆயில் எஸ்பி-3 வகையாக இருக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று டின்னில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அளவு பார்க்க, வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் ஐட்லிங்கில் விட்டு, கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி, என்-னில் (நியூட்ரல்) வைத்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். குளிரில் பார்த்து நிரப்பினால் சூட்டில் அளவு மிஞ்சி, நுரைத்து, அதனாலேயே ஸ்லிப் ஆகும்.

வீரா 1.5-இல் 1.8 என்ஜின் போடலாமா? (கெப்போங்)

4ஜி93 என்ற 1.8 என்ஜின் உட்காரும், வீராவிலேயே 1.8 வந்திருக்கிறது. ஆனால் 1,834 சிசிக்குத் தீபகற்ப மலேசியாவில் ரோட் டேக்ஸ் 90 ரிங்கிட்டிலிருந்து 297 ரிங்கிட் ஆகும். அதே சிசி என்ஜின் போட்டாலும் என்ஜின் நம்பர் மாறுகிறது. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) விண்ணப்பித்து, புஸ்பகோமில் (வாகனப் பரிசோதனை நிலையம்) காட்டி, கிராண்ட்டில் (வண்டி உரிமைப் பத்திரம்) பதிய வேண்டும். இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள். கடை ரசீதையும் சுங்கப் பத்திர நகலையும் பணம் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். பிறகு போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

என்ஜின் மாற்றும்போது கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்றணுமா? (செராஸ்)

நன்றாக இருந்தால் வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட் சீல் மட்டும் மாற்றுங்கள். மேனுவல் என்றால் கிளட்ச் செட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து.

முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்? (ஜெலுத்தோங்)

இக்னிஷன் காயில் கனெக்டரையும் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஐந்தைந்து விநாடியாக ஸ்டார்ட்டர் அடியுங்கள். அதன் பிறகே என்ஜினை ஓடவிடுங்கள். காற்றுக் குமிழி போகும்வரை ரேடியேட்டர் மூடி திறந்திருக்கட்டும், மின்விசிறி தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். துகள் மின்னினால் கடையின் வாரண்டி தேதி முடிவதற்குள் வண்டியைக் கொண்டுபோங்கள்.