கண்ணுக்கெட்டிய கரை

கேள்வி: லூசிதானியா கப்பல் அயர்லாந்துக்குப் பக்கத்தில் மூழ்கியதாகப் படித்தேன். அதில் அயர்லாந்துக்காரர்கள் யாராவது இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள். மேல்தளத்துப் பயணிகளிலும் இருந்தார்கள், கீழே கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களிலும் இருந்தார்கள். அது நியூயார்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பயணிகள் கப்பல்; சொந்தத் துறைமுகம் இங்கிலாந்தின் லிவர்பூல். அங்கே துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் பிழைப்புத் தேடி வந்து தங்கிவிட்ட அயர்லாந்துக் குடும்பங்கள் ஏராளம். கப்பல் வேலைக்குப் போன பையன்கள் பலர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

முதல் உலகப் போர்க் காலம்; 1915 மே 7, பிற்பகல் 2.10. மூடுபனி விலகி நல்ல வெயில். தளத்தில் நின்றவர்களுக்கு அயர்லாந்தின் தென்கரையில் உள்ள கின்சேல் முனை தெளிவாகத் தெரிந்தது. பல வருஷம் கழித்து ஊர் திரும்புகிறவனுக்கு அந்தக் கரை எப்படி இருந்திருக்கும்! அப்போதுதான் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. 18 நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. உயிர்காப்புப் படகுகள் மொத்தம் 48. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் ஆறு படகுகள்தான் ஒழுங்காக இறங்கின. கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் டப்ளினில் பிறந்த பாதிரியார் பேசில் மாச்சுரின், வயது 68. சுற்றியிருந்தவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கிக்கொண்டே, ஒரு குழந்தையைப் படகில் இருந்தவர்களிடம் நீட்டி, தாயைத் தேடிக் கொடுக்கச் சொன்னாராம். அவர் படகில் ஏறவில்லை. பிறகு கரை ஒதுங்கிய அவர் உடலில் மிதவைச் சட்டை இல்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கார்க் பகுதியில் பிறந்த ஓவியச் சேகரிப்பாளர் ஹியூ லேனும் இறந்துபோனார். முதலில் லண்டனுக்கு என்று எழுதிய உயிலை மாற்றி, தன் 39 ஓவியங்களை டப்ளினுக்கு எழுதிவைத்திருந்தார். கையெழுத்து இருந்தது, சாட்சிக் கையெழுத்து இல்லை. அதனால் லண்டனும் டப்ளினும் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டின. 1959-இல்தான் பங்கிட்டுக்கொள்ள ஓர் உடன்பாடு வந்தது.

கரையில் இருந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். கோர்ட்மாக்ஷெரி என்ற சிறு ஊரின் மீட்புப் படகு உடனே கிளம்பியது. பாய்மரம் இருந்தும் காற்று இல்லை. சரி என்று துடுப்பைப் பிடித்தார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் விடாமல் வலித்துப் போய்ச் சேர்ந்தபோது, உயிரோடு இருந்தவர்களை மற்றப் படகுகள் ஏற்றிக்கொண்டு போயிருந்தன. இவர்கள் தண்ணீரில் மிதந்த உடல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள்.