நீளமான படம், ‘ஏ’ படம்: கல்லாப்பெட்டிக் கேள்விகள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத் தியேட்டர்களில் முதலில் ஆப்பரேட்டர், பிறகு மேனேஜர் என்று முப்பது வருடம் ஓட்டியவன் நான். படத்தின் நீளமும் சென்சார் சான்றிதழும் வசூலை என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கதை எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிப் படங்களை மெஷின் சத்தத்தில் வசனமே காதில் விழாமல், கேபின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு ஷோ போச்சு, வசூலும் போச்சு என்கிறார்களே?

முதல் சில நாளைக்கு உண்மை. அப்புறம் இல்லை.

2023 அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது, முதல் சில நாளைக்கு மட்டும் காலை 9 மணிக்கு ஆரம்பித்து இரவு 1.30-க்குள் ஐந்து காட்சி முடிக்க வேண்டும் என்று அரசு அனுமதி கொடுத்தது. படம் 2 மணி 44 நிமிடம். இடைவேளைக்குக் கால் மணி, கூட்டம் வெளியே போய் தரையில் கிடக்கும் பாப்கார்னைப் பெருக்க இன்னொரு கால் மணி. ஆக ஒரு காட்சிக்கு மூன்றே கால் மணி. 9, 12.15, 3.30, 6.45, 10 என்று அச்சு வார்த்த மாதிரி ஐந்தும் உட்காரும். இதே கணக்கில் ‘புஷ்பா 2’ மாதிரி 3 மணி 20 நிமிடப் படத்தைப் போடுங்கள். நாலாவது காட்சி முடியவே நள்ளிரவு தாண்டும், ஐந்தாவதுக்கு இடமில்லை. ஆயிரம் சீட் தியேட்டர் என்றால் ஒரு நாளைக்கு ஆயிரம் டிக்கெட் காலி.

சாதாரண நாளில் நம்மிடம் எப்படியும் நாலு காட்சிதான். 11, 2.30, 6.30, 10. மூன்று மணி நேரப் படமும் அதில் அடங்கிவிடும், பெருக்குகிற பெண்கள்தான் ஓடியாடி முடிக்க வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து: அப்படியென்றால் தெலுங்கில் மட்டும் எப்படித் தைரியமாக நீட்டுகிறார்கள்?

நல்ல கேள்வி. பலரும் கவனிக்காத இடம் இதுதான். அங்கே பெரிய படத்துக்கு அரசிடம் அனுமதி வாங்கி டிக்கெட் விலையை ஏற்றுகிறார்கள். ‘புஷ்பா 2’வுக்குத் தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் அதுதான் நடந்தது. ஒரு ஷோ குறைந்தாலும் விலையில் எடுத்துவிடலாம். நமக்கு அந்தக் கதவு கிடையாது. மல்டிபிளெக்ஸுக்கே அடிப்படை விலை 150 ரூபாய்தான் உச்சம் என்று 2017-இல் வைத்தார்கள். அதன்மேல் வரி மட்டும் சேரும். படம் இரண்டு மணி நேரமானாலும் மூன்றரை மணி நேரமானாலும் அதே விலை. விலை அசையாதபோது சீட்டும் ஷோவும்தான் வசூல். அதனால் அதே இருபது நிமிடம் ஹைதராபாத்தைவிடச் சென்னையில்தான் அதிகம் கடிக்கும்.

திருவொற்றியூரிலிருந்து ஓர் அக்கா: செகண்ட் ஷோ மட்டும் ஏன் சீக்கிரம் காற்று வாங்குகிறது?

படம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டுமே அக்கா! விம்கோ நகர் மெட்ரோ இரவு 11-ஓடு சரி. பத்து மணிக் காட்சி ஒரு மணிக்கு மேல் விட்டால் கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோவும் இல்லை, நிற்கிற ஒன்றிரண்டு ஆட்டோவும் கேட்கிற காசில் இன்னொரு படம் பார்த்துவிடலாம். காசிமேட்டு ஆட்களுக்கு இன்னும் சிக்கல். விடியுமுன் ஏலத்துக்கு நிற்க வேண்டியவர் எப்போது தூங்குவார்? அவர்கள் மேட்னிக்கு வருவார்கள். நீளமான படம் வந்தால் எங்கள் ஏரியாவில் மேட்னி நிறையும், செகண்ட் ஷோ வடியும். மல்டிபிளெக்ஸ் கணக்கில் இது தெரியாது.

ஃபிலிம் காலத்தில் இதற்கு ஒரு கள்ள வைத்தியம் இருந்தது. நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம் ஓடும். செகண்ட் ஷோவில் நாலரை நிமிடப் பாட்டு ஒன்றைத் தாண்டிவிட்டால் நானூறு அடி மிச்சம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வாழ்த்துவார்கள். ஒருமுறை நான் வெட்டியது ஹீரோ அறிமுகப் பாட்டு. கேபின் கதவை உடைக்காத குறை. படச்சுருளை மறுபடி மாட்டி, படம் முடிந்த பிறகு பாட்டைத் தனியாக ஓட்டினேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

பெரம்பூரிலிருந்து: ‘கூலி’க்கு, 18 வயதானவர்கள் மட்டும் பார்க்கலாம் என்கிற ‘ஏ’ கிடைத்ததற்கு ஏன் நீதிமன்றம் வரை போனார்கள்? ரஜினி படத்துக்கு என்ன கூட்டம் குறைந்துவிடும்?

முதல் மூன்று நாள் ரசிகர் கூட்டத்துக்குக் குறையாது. இடி விழுவது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. எட்டு வயதுப் பையனை வாசலில் நிறுத்தினால் போவது ஒரு டிக்கெட் இல்லை; அப்பா, அம்மா, ஆயா, அக்கா எல்லாரும் அவனோடு திரும்பிவிடுவார்கள். ஒரு ‘ஏ’ படத்துக்கு நானே ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பையன் சட்டையில் ஹீரோ படம் குத்தியிருந்தான். “நீங்களா அண்ணா சென்சார்?” என்று அந்தம்மா கேட்டார்கள். என்ன செய்ய, ‘ஏ’ படத்துக்குச் சிறுவரை விட்டால் மாட்டுவது தியேட்டர்காரன்தான்.

இன்னொரு அடி டிவியில். ‘ஏ’ சான்றிதழோடு படத்தை டிவியில் போட முடியாது. வெட்டி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். சேட்டிலைட் உரிமை பேசும்போது இது விலையை இறக்கும். ‘கூலி’ வழக்கு 2025 ஆகஸ்டில் தள்ளுபடியானது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து: முன்பெல்லாம் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற ‘யு’வுக்காக அடித்துக்கொண்டார்களே, இப்போது அந்த வேகம் இல்லையே?

அப்போது அது வரி விவகாரம். 2011-க்குப் பிறகு தமிழ்த் தலைப்போடு ‘யு’வும் இருந்தால்தான் கேளிக்கை வரி விலக்கு. ‘யு/ஏ’ என்றால் வசூலில் பெரிய துண்டு போய்விடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கணக்கு முடிந்தது. இப்போது ‘யு/ஏ’விலேயே 7+, 13+, 16+ என்று மூன்று வகை. அவை பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டும். குழந்தையைத் தடுக்க எங்களுக்கு வேலையில்லை. 16+ ஆக நிறுத்திக்கொண்டால் தயாரிப்பாளர் தப்பித்தார்.

மணலியிலிருந்து: ‘அனிமல்’ ‘ஏ’, மூன்று மணி இருபத்தொரு நிமிடம். ‘ஜோக்கர்’ அமெரிக்காவில் ‘ஆர்’. இரண்டும் அள்ளினவே?

அமெரிக்க ‘ஆர்’ நம்ம ‘ஏ’ இல்லை, தம்பி. அங்கே 17 வயதுக்குக் கீழே இருந்தாலும் அப்பா அம்மாவோடு உள்ளே போகலாம். ‘அனிமல்’ கணக்கு வேறு. அதற்கு வந்தது இளவட்டம். குடும்பத்தை நம்பி எடுத்த படமே இல்லை. சிக்கல் குடும்பப் படம் மாதிரி விளம்பரம் செய்துவிட்டு ‘ஏ’ வாங்குகிறவர்களுக்குத்தான்.

எர்ணாவூரிலிருந்து: ரிலீசுக்குப் பிறகு வெட்டினால் பிழைக்குமா?

‘இந்தியன் 2’, ‘கங்குவா’ இரண்டிலும் 12 நிமிடம் வெட்டினார்கள். பிழைத்ததா என்று உங்களுக்கே தெரியும். “இழுவை” என்ற பேச்சு முதல் காட்சி இடைவேளையிலேயே போனில் பரவிவிடுகிறது. வெட்டியது யார் காதிலும் விழுவதில்லை.

காசிமேட்டிலிருந்து: அம்மாவுக்கு முட்டிவலி. மூன்று மணி நேரப் படத்துக்கு எந்த ஷோ கூட்டிப்போக?

வார நாள் மேட்னி. நடைபாதை ஓரத்து சீட், கால் நீட்டலாம். இடைவேளை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே எழுப்பிக் கூட்டிப்போங்கள், லேடீஸ் பாத்ரூமில் வரிசை இருக்காது.