ஹோட்டல் துறை சரி, ரிசப்ஷனா அடுப்படியா?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: பிளஸ் டூ முடித்த மகனை ஒரு தனியார் கல்லூரியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேர்க்கலாமா? மூன்று வருடத்துக்கு எட்டு லட்சம். துபாயில் இருக்கும் மாமா "கப்பலில் வேலை நிச்சயம்" என்கிறாராம். பையன் கூச்ச சுபாவம்; தெருமுனை பேக்கரியில் நின்றால் மட்டும் நேரம் போவதே தெரியாதாம்.

பயப்படாதீர்கள் அம்மா, துறையில் வேலை இருக்கிறது. ஆனால் மாமா சொல்வதை நான் ஏற்கவில்லை.

ரிசப்ஷன், சர்வீஸ் என்று போனால், விருந்தாளி விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டாலும் சிரிக்க வேண்டும். கலகலப்பான பிள்ளைக்கு அது பாரமில்லை. மற்றவர்களுக்கு உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று. அந்த இழுபறியை மனசு ரொம்ப நாள் தாங்காது. 1959-ல் பெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்து, அடுத்து வருபவரிடம் "நன்றாக இருந்தது" என்று பொய் சொல்ல வைத்தார்கள். 20 டாலர் வாங்கியவர்களை விட, 1 டாலர் வாங்கியவர்கள்தான் அந்தப் பொய்யை அதிகம் நம்பினார்கள். காசுக்காகச் சொன்னேன் என்று சமாதானம் சொல்ல அவர்களுக்கு வழியில்லை! சொற்ப உதவித்தொகைக்கு டிரெய்னிங்கில் நிற்கும் பையன்கள் "இந்த வேலைதான் சார் உயிர்" என்னும்போது எனக்கு அந்த 1 டாலர்தான் ஞாபகம் வரும். இதில் எட்டு லட்சம் கடனும் சேர்ந்தால், பிடிக்கவில்லை என்று உங்கள் மகன் வாயே திறக்க மாட்டான்.

யாரும் சொல்லாத வழி ஒன்று உண்டு. சென்னை தரமணி அரசு ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் போன்ற இடங்களில் 'ஃபுட் புரொடக்‌ஷன் அண்ட் பாட்டிஸரி' என்ற கைத்தொழில் படிப்பு இருக்கிறது. ஒன்றரை வருடம்; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; ஹோட்டல் மேனேஜ்மென்ட் பி.எஸ்சி.க்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. சமையலோடு பிரெட், கேக், பேஸ்ட்ரி எல்லாம் கையால் செய்து பழகலாம். மாவை 100 என்று வைத்துத் தண்ணீர் 60, உப்பு 2 என்று கணக்குப் போடும் பேக்கர் சதவீதம், ஈஸ்ட் பொங்கக் காத்திருக்கும் பக்குவம், வெண்ணெயை மடித்து மடித்து அடுக்கு எடுப்பது, ஓவன் சூட்டை அறிவது. பொங்காத மாவிடம் சிரித்துப் பயனில்லை; காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். கூச்சக்காரப் பையனுக்கு இது பொருந்தும். சுகமான வேலை என்று சொல்லவில்லை. விடிகாலை ஷிப்ட், அனல், கால்வலி எல்லாம் உண்டு. இந்த வருடக் கட்டணத்தையும் கடைசித் தேதியையும் நேரில் விசாரியுங்கள்.

எட்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், இதில் நான் இறங்கி வரமாட்டேன். முதலில் ஒரு மாதம் அந்தத் தெருமுனை பேக்கரியில் விடிகாலை வேலைக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் விண்ணப்பம் வாங்குங்கள். மாமாவிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன்.