திருப்பூரில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தவர்கூட முதலாளி ஆகலாம் என்கிறார்களே, உண்மையா?

ஆனவர்கள் இருக்கிறார்கள். நான் தையல் பழகிய பனியன் கம்பெனி முதலாளியே கைமடியாகத் தொடங்கியவர்தான். அவர் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பக்கத்து மெஷினில் அதே ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய அண்ணன் இன்னும் டெய்லராகவே இருக்கிறார்.

முதலாளிக்குப் பல்லடம் பக்கம் மூன்று ஏக்கர் காடு இருந்தது. சோளம்கூடச் சரியாக விளையாத பூமி. இருந்தாலும் பத்திரம் பத்திரம்தானே! அதை அடகு வைத்து மெஷின் வாங்கினார். மாமன் முறையில் ஒருவர் நூலைக் கடனுக்குக் கொடுத்தார். பார்ட்டி பில் பணத்தை இழுத்தடித்தபோது, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பங்காளிகள் கைமாற்று கொடுத்தார்கள்.

அந்த அண்ணன் அருந்ததியர். அப்பா தோட்டத்தில் பண்ணையாள். சொத்து என்று பார்த்தால் காலனியில் மூன்று சென்ட் பட்டா. பேட்லாக் தையல் மெஷினில் அவர் கைக்கு ஈடே கிடையாது, முதலாளியே ஒத்துக்கொள்வார். அவரும் நாலு மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்திப் பார்த்தார். பில் மூன்று வாரம் தள்ளிப்போனது. கைமாற்று கேட்கப் போன இடமெல்லாம் அவரைப் போலவே சனிக்கிழமைக்குக் காத்திருந்த வீடுகள். ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

இந்தப் பவர் டேபிள் பெருகியதற்கும் ஒரு கதை உண்டு. 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கப்புறம் பெரிய கம்பெனிகள் வேலையைப் பிரித்து வெளியே விடுவது அதிகமானது. குட்டி முதலாளிகள் நிறையப் பேர் முளைத்தார்கள், சரி. நட்டம் வந்தால் அதுவும் அவர்கள் தலையில்தான். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பெரும்பாலும் கிடையாது. பெண்களைக் கேட்டால் இன்னும் மோசம்: செக்கிங்கில் சேர்ந்தவர் பல வருஷம் கழித்தும் செக்கிங்கில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் அந்த அண்ணனை ‘ஏனுங்கண்ணா’ என்று கூப்பிடுகிற பையன்கள், ஊருக்குள் அவருடைய அப்பாவை ‘வாடா, போடா’ என்பார்கள். அந்தப் பெரியவர் பதிலுக்கு ‘சாமி’ என்பார். நானே காதால் கேட்டிருக்கிறேன்.

2009ல் வந்த அருந்ததியர் 3 சதவீத உள்ஒதுக்கீட்டில் அண்ணன் மகளுக்குப் பொறியியல் சீட் கிடைத்தது. படிப்பை முடித்ததும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை தருகிறேன் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். பனியன் கம்பெனியே வேண்டாம் என்றுவிட்டாள்.