வாசகர் கேள்வி: உழவு இயந்திரத்தின் பற்றரி இரவில் இறங்குவது ஏன்?

கேள்வி: தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன். அப்பா வாங்கிய மாசி பெர்குசன் 35 டீசல் உழவு இயந்திரத்தின் டைனமோ பழுதானதால், சென்ற சிறுபோகத்தில் அதைக் கழற்றி, அதைப்போலவே பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டனேற்றர் பூட்டுவித்தேன். ஓடும்போது சார்ஜ் ஆகிறது. ஆனால், மாலையில் நிறுத்தினால் மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றுவதில்லை. புதிய பற்றரி போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து இன்னொரு பற்றரி வாங்காதீர்கள். இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்டினால், சார்ஜ் ஆவதில் குறையில்லை. நிறுத்திய பின்னரே மின்சாரம் எங்கோ கசிகிறது.

என் சந்தேகம் முதலில் ஆல்டனேற்றரின் சிறிய வயர் மீதுதான். சாவிச் சுவிச்சிலிருந்து சார்ஜ் விளக்கின் ஊடாக அதற்கு வரவேண்டிய அந்த வயரை, வேலை சுலபம் என்று, பற்றரிக்குப் போகும் தடித்த வயருடனேயே சேர்த்துப் பூட்டிவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் சாவியை எடுத்த பின்பும் உள்ளே இருக்கும் சுருளுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்; 3 அம்பியர் என்று வைத்தாலும் 12 மணி நேரத்தில் 36 அம்பியர் மணி போய்விடும். இதை அறிய மீற்றர்கூடத் தேவையில்லை. சாவியை எடுத்துவிட்டு, ஒரு சிறிய ஸ்பானரை ஆல்டனேற்றரின் பின்பக்க பெயரிங் அருகே பிடித்துப் பாருங்கள். அது காந்தம்போல் பலமாக இழுத்தால் கள்ளன் அகப்பட்டுவிட்டான்.

இழுக்கவில்லையென்றால், பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் மைனஸ் முனைக்கும் இடையே மீற்றரை 10 அம்பியர் அளவில் இணையுங்கள். அந்நிலையில் ஸ்டார்ட்டரையோ ஹெட்லைற்றையோ போட்டுவிடக் கூடாது. இவ்வளவு எளிய வயரிங்கில் கசிவு ஏறத்தாழப் பூச்சியமாகவே இருக்க வேண்டும். அதற்குமேல் காட்டினால் மைனஸ் இணைப்பை முழுவதுமாக விலக்கி, ஆல்டனேற்றரின் தடித்த வயரைக் கழற்றி நுனியை இன்சுலேசன் ரேப்பால் சுற்றிவிட்டு, மீண்டும் அளவிடுங்கள். கசிவு நின்றால், மின்சாரம் பற்றரியிலிருந்து திரும்பி வராமல் தடுக்கும் ஆல்டனேற்றரின் டயோட் பழுது. நிற்காவிட்டால் டைனமோ காலத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பாருங்கள். ஆல்டனேற்றருக்குள்ளேயே வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் இருப்பின் அந்தப் பெட்டிக்கு இனி வேலையில்லை. அதன் வயர்களை அப்படியே விட்டிருந்தால் முற்றாக விலக்க வேண்டும்.

பழைய ஆங்கிலேயத் தயாரிப்புகள் பலவற்றில் பற்றரியின் பிளஸ் முனையே எர்த்தாக, அதாவது இயந்திரத்தின் இரும்பு உடலுடன் இணைக்கப்பட்டதாக, இருந்தது. இன்று கிடைக்கும் ஆல்டனேற்றர்களோ பெரும்பாலும் மைனஸ் எர்த்துக்கு உரியவை; முனை மாறினால் டயோட்கள் நொடியில் எரிந்துவிடும். டைனமோ இருந்தபோது பழகியதுபோல, இயந்திரம் ஓடுகையில் பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மூதூரில் கடலோரமாக வயல். ஆல்டனேற்றர் மாற்றிய பின்பும் விளக்குகள் மங்கலாகவே எரிகின்றன.

பதில்: உப்புக்காற்றுப் படும் இடத்தில் முதலில் எர்த்தைப் பாருங்கள். விளக்குகளைப் போட்டு, இயந்திரம் ஓடும்போது பற்றரியின் மைனஸ் முனைக்கும் ஆல்டனேற்றரின் உடலுக்கும் இடையே அளவிடுங்கள், 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால், பிராக்கெற்றின் பெயின்ரையும் துருவையும் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, பற்றரியிலிருந்து அங்கு தனியாக ஒரு தடித்த எர்த் வயர் இழுத்து, முறுக்கிய பின் கிறீஸ் பூசுங்கள். அதே அளவீட்டை விளக்கின் உடலிலும் செய்யுங்கள்; பச்சை பிடித்த செப்பு வயரைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.