முட்டி வீங்கிய பசு: கத்தியை எடுக்காதீர்கள், தரையைப் பாருங்கள்

கேள்வி: மலையகத்தின் பொகவந்தலாவையில், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால், சீமெந்துத் தரைக் கொட்டிலில் ஜெர்சிக் கலப்புப் பசுவொன்றைக் கட்டி வளர்க்கிறோம். முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கி முடி கொட்டிவிட்டது. படுக்காமல் நின்றே கிடக்கிறது. பால் 9 லீற்றரிலிருந்து 6 லீற்றருக்கு இறங்கிவிட்டது. வீக்கத்தைக் கீறி நீரை எடுத்துவிடலாமா?

பதில்: கீறவே வேண்டாம். பெரும்பாலும் தரையில் இடிபட்டு இடிபட்டுச் சேர்ந்த நீர்தான் அது. கத்தி பட்டால் சாணிக் கிருமி இறங்கி மூட்டுவரை சீழ் வைக்கும். தொட்டால் சுட்டாலோ, மாடு நொண்டினாலோ கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். முன்பு கரு கலைந்த மாடென்றால் புருசெல்லோசிஸ் சோதனையும் கேளுங்கள். அந்த நோயிலும் முட்டியில் நீர் கட்டும், மனிதருக்கும் தொற்றும். முடிவு வரும்வரை பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

மாடு எழும்புவதை ஒருதரம் நின்று பாருங்கள். பசு தலையை முன்னே நீட்டி, பாரத்தை முட்டியில் வைத்து, பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். மூக்குக்கு முன்னால் சுவரிருந்தால், அல்லது கயிறு குட்டையாக இருந்தால், முட்டியிலேயே தடுமாறி நிற்கும். முன்னால் 3 அடியாவது வெளி வேண்டும். படுத்தபடி தலையைத் திருப்பி விலாவை நக்குமளவுக்குக் கயிறு நீளட்டும்.

அடுத்தது தரை. மாடு படுக்குமிடத்தில் நீங்களே முழங்காலை ஊன்றி 10 விநாடி அழுத்துங்கள். உங்களுக்கு வலித்தால் அதற்கும் வலிக்கும். எழுந்து, முழங்கால் பக்கம் உடுத்திய சாரத்தைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் படுக்கை ஈரம். ஒரு நாளில் 10 முதல் 12 மணிநேரம் படுக்க வேண்டிய உயிர் அது. படுத்தால்தான் நன்றாக அசைபோடும், மடிக்கு இரத்தமும் கூடுதலாக ஓடும். உங்கள் 3 லீற்றர் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

20 மில்லிமீற்றர் றப்பர் விரிப்பு நல்லது. கிழமைக்கு ஒருதரம் தூக்கிக் கழுவாவிட்டால் அடியில் மூத்திரம் தேங்கும். காசில்லையா, காய்ந்த மானாப்புல்லை அரையடி தடிப்பில் பரப்புங்கள். மரத்தூள் காய்ந்ததாக மட்டும் இருக்கட்டும். ஈரத்தூளில் மடிவீக்கக் கிருமி பெருகும். தரைச் சரிவு கானை (வடிகாலை) நோக்கி 5 அடிக்கு 1 அங்குலம் போதும்.

பனிக்குப் பயந்து நாலு பக்கமும் பொலித்தீன் அடித்திருப்பீர்கள், நம் பக்கத்து வழக்கம். வளர்ந்த பசுவுக்கு அந்தக் குளிர் பெரிதல்ல. காலையில் உங்கள் கண்ணை எரிக்கும் மூத்திர நெடிதான் அதன் நெஞ்சைக் கெடுக்கும். காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மாட்டின் முதுகு உயரத்துக்கு மறைத்து, கூரைக்கடியைத் திறந்து விடுங்கள். கன்றுக்குத்தான் குளிர்காற்றுப் படாத கூடுதல் மறைப்பு வேண்டும்.

வீக்கம் வற்ற மாதக்கணக்காகும். படுக்கும் நேரம் சில நாட்களிலேயே அதிகரிக்க வேண்டும். அதிகரிக்காவிட்டால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள், நோவு அங்கே இருக்கலாம்.