பீரோவில் படுத்திருந்த பாட்டிலுக்கு வயது கூடுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2013-ல் துபாயிலிருந்து வந்த அவருடைய மைத்துனர், ‘12 ஆண்டு’, ‘46 சதவீதம்’ என்று அச்சிட்ட ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படக்கூடாது என்று இவர் அதைப் பீரோவின் மேல்தட்டில், பட்டு வேட்டிகளுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு மறந்துபோனார். அண்மையில் எடுத்துத் திறந்தபோது தக்கை பாதியில் முறிந்தது. ஐஸ் போட்டதும் கோப்பையில் இருந்தது லேசாக மங்கியது. மைத்துனரோ, “மாமா, 12-ஓடு 12-ஐக் கூட்டுங்கள், இது இப்போது 24 வருஷச் சரக்கு” என்கிறாராம். வாசகரின் கேள்விகள் மூன்று: வயது உண்மையிலேயே கூடியிருக்கிறதா? மங்கியதால் கெட்டுவிட்டதா? ஊர்க்கடையில் விற்பதும் விஸ்கி என்றுதான் சொல்லப்படுகிறது, பிறகு ஏன் இரண்டும் ஒன்றுபோல் இல்லை?

முதல் இரண்டுக்கும் ஒரே சொல்லில் விடை தரலாம்: இல்லை. பாட்டிலில் அடைத்த நாளில் அதற்கு 12 வயது என்றால் இன்றும் 12 வயதுதான். மங்கியது கெட்டதற்கு அடையாளமும் அன்று. ஏன் என்பதற்கும், மூன்றாவது கேள்விக்கும், விஸ்கி எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். வடிசாலை ஆய்வகங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வட ஆற்காட்டில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி அரைத்து வைப்பார்கள். அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி சாதாரண கேழ்வரகுக் கூழைவிட நீர்த்தும் சற்றுத் தித்திப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தானே சுரந்துகொள்வதுதான் காரணம். மால்ட் என்பது இதுதான். விஸ்கிக்குப் பார்லியை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஈரப்பதம் 45 சதவீதத்தை எட்டியதும் ஐந்தாறு நாள் முளைக்க விட்டு, முளை தானியத்தின் சத்து முழுவதையும் தின்று தீர்ப்பதற்குள் சூளையில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சூளையில் பீட் எனப்படும் சதுப்பு நிலக் கரியை எரித்தால், புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற மணச் சேர்மங்கள் தானியத்தில் படிந்து கடைசிவரை உடன்வரும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வரும் லஃப்ரோயக், ஆர்ட்பெக் போன்றவற்றை முதன்முறை முகர்ந்தவர்கள் ‘ஆஸ்பத்திரி வாசம்’ என்று முகம் சுளிப்பது இந்தப் புகையால்தான்.

உலர்ந்த மால்ட்டை நொறுக்கி ஏறத்தாழ 64 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கரைத்தால், உறங்கியிருந்த நொதிகள் மீண்டும் வேலையைத் தொடங்கி, மாவுச்சத்து இனிப்பு நீராகிவிடும். அதை ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து இரண்டு முதல் நான்கு நாள் புளிக்கவிட்டால், 8 சதவீத அளவுக்கு ஆல்கஹால் கொண்ட ஒரு புளித்த நீர் கிடைக்கிறது. ஹாப்ஸ் பூ சேர்க்காத பீர் என்று அதைச் சொல்லலாம். இதுவரை பெரிய வித்தை எதுவும் இல்லை.

அடுத்தது வடித்தல். நாட்டு வைத்தியர்கள் ஓமத்தீநீர் இறக்கும் வாலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கொதிகலத்தின் ஆவியைக் குளிர்வித்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும் அதே முறைதான். மால்ட் விஸ்கிக்கு வாலை செம்பில்தான் இருக்க வேண்டும். செம்பு, புளித்த நீரிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செம்பைக் குறைத்தால் வேகவைத்த முட்டைக்கோசு நாற்றம் வரும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இருமுறை வடிக்கிறார்கள். முதல் வாலையிலிருந்து இறங்குவது 20 முதல் 25 சதவீதம். அதை இரண்டாவது வாலையில் ஏற்றும்போதுதான் வடிப்பவருடைய கைத்திறன் தெரியும். முதலில் இறங்கும் தலைப்பகுதியையும் கடைசியில் இறங்கும் வால்பகுதியையும் ஒதுக்கி, 70 சதவீதத்தை ஒட்டி இறங்கும் நடுப்பகுதியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

அந்தப் பிரிப்பை ஒருமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பித்தளைச் சட்டமிட்ட, பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சாராயம் ஓடிக்கொண்டிருந்தது; வரி காரணமாக, வடிப்பவர்கூட அதைத் தொட முடியாதபடி அமைத்த ஏற்பாடு. வெளியிலுள்ள கைப்பிடியைத் திருப்பி, ஓடிவரும் திரவத்தில் கொஞ்சம் தண்ணீர் கலக்கவிட்டார். பால் துளி விழுந்ததுபோல் மங்கியது. தலைப்பகுதி இன்னும் முடியவில்லை என்று பொருள். சில நிமிடங்களுக்குப் பின் அதே சோதனையில் மங்காமல் பளிங்குபோல் நின்றதும், குழாயை நடுப்பகுதித் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். மங்கவைப்பவை முந்தைய வடிப்பின் வால்பகுதியிலிருந்து வாலையில் ஒட்டி நின்ற எஸ்டர்கள் என்ற கொழுப்புச் சேர்மங்கள். ஆல்கஹால் மிகுந்திருக்கும்வரை கரைந்து கிடக்கும். தண்ணீர் கூடினாலோ குளிர்ந்தாலோ பிரிந்து கண்ணுக்குத் தெரியும்.

வாசகரின் கோப்பையில் நடந்ததும் இதுதான். ஒதுக்கியது போக நல்ல விஸ்கியிலும் இந்த எஸ்டர்கள் சிறிதளவு இருக்கும். அவற்றில் ஒன்று தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்திலிருந்து உருவாவது. மார்கழியில் எண்ணெய் உறைந்தால் கெட்டுவிட்டது என்று யாரும் கொட்டுவதில்லை அல்லவா? 40 சதவீதத்தில் அடைக்கும் விஸ்கியைப் பெரும்பாலும் முன்கூட்டியே குளிரவைத்து வடிகட்டி இவற்றை நீக்கிவிடுகிறார்கள். 46 சதவீதமும் அதற்கு மேலும் அடைப்பவர்கள் பலர், வாயில் கனம் குறையக்கூடாது என்று அப்படி வடிகட்டுவதில்லை. எனவே 46 சதவீத பாட்டில் ஐஸில் மங்குவது இயல்பு.

இனி வயது. வாலையிலிருந்து இறங்கும் சாராயம் தண்ணீர்போல் நிறமற்றது. அதை 63.5 சதவீதத்துக்கு நீர்த்து ஓக் பீப்பாயில் அடைப்பது வழக்கம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டு இருந்தால்தான் அது ஸ்காட்ச். பீப்பாய்க்குள் நடப்பதை ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு எளிதாகப் புரியவைக்கலாம். ஆவாரம்பட்டையின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலுக்குள் மெல்ல மெல்ல ஊறிப் பச்சைத்தோலைப் பதப்படுத்துவதுபோல், ஓக்கின் டானினும், சூட்டில் மரம் கருகும்போது பிறக்கும் வனிலின் முதலியவையும் சாராயத்துக்குள் இறங்குகின்றன. பீப்பாயின் கரிந்த உள்சுவர் பச்சைச் சாராயத்தின் கந்தக வாடையை வாங்கிக்கொள்கிறது. மரத்தின் நுண்துளை வழியே கசியும் காற்று மெதுவாக ஆக்சிஜனேற்றம் செய்கிறது. பெரும்பாலும் அமெரிக்க போர்பன் விஸ்கி வைத்திருந்த பழைய பீப்பாய்களும், ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் வைத்துப் பதப்படுத்திய பீப்பாய்களுமே பயன்படுகின்றன. கண்ணாடிக்கு டானினும் இல்லை, துளையும் இல்லை. பாட்டிலில் அடைத்த கணமே வயதின் கடிகாரம் நின்றுவிடுகிறது. பாட்டிலில் அச்சிட்ட எண்ணும் கலவையிலுள்ள மிக இளையதன் வயதைத்தான் குறிக்கும். 30 ஆண்டு விஸ்கியில் ஒரு கரண்டி 8 ஆண்டு விஸ்கி கலந்தால் சட்டப்படி அது 8 ஆண்டுதான்.

வயது மட்டுமே தரம் என்பதும் இல்லை. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதை ஸ்காட்லாந்தில் ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். 100 லிட்டரில் 12 ஆண்டு கழித்து 78 லிட்டர் மிஞ்சும். வேலூரிலிருந்து சில மணிநேரத் தொலைவிலுள்ள பெங்களூரில் ஆண்டுக்கு 10 சதவீதமும் அதற்கு மேலும் போகிறது. அதே கணக்கில் சுமார் 28 லிட்டரோ அதற்கும் குறைவாகவோதான் மிஞ்சும். சூட்டில் மரத்தின் சாரமும் வேகமாக இறங்குவதால், நம் நாட்டு சிங்கிள் மால்ட்டுகள் நான்கைந்து ஆண்டிலேயே பதத்துக்கு வந்துவிடுகின்றன. அம்ருத் நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கிளாஸ்கோ நகரில்தான் விற்பனைக்கு வைத்தது. விஸ்கி தெரிந்தவர்களின் ஊரிலேயே போய்க் கடைவிரித்த துணிச்சலை நான் எப்போதும் மெச்சுவேன். வேலூர் வெயிலில் ஒரு பீப்பாயை 12 ஆண்டு வைத்திருந்தால் மரக்கஷாயம்தான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

வகைகளில் மக்கள் அதிகம் தடுமாறுவது ‘சிங்கிள்’ என்ற சொல்லில். ஒரே பீப்பாய் என்பது அதன் பொருளன்று. ஒரே வடிசாலையில், மால்ட் பார்லி மட்டும் கொண்டு, செம்பு வாலையில் வடித்தது என்பதே. அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி 1830-ல் காப்புரிமை பெற்ற தொடர் வடிகோபுரத்தில், கோதுமை அல்லது மக்காச்சோளத்திலிருந்து மலிவாக, மென்மையாக வடிப்பது கிரெயின் விஸ்கி. இதையும் பல மால்ட்டுகளையும் கலந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். ஜானி வாக்கர், ஷிவாஸ் ரீகல் எல்லாம் இந்த வகை. கலவை என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுதோறும் ஒரே சுவையைக் கொண்டுவருவது தனிக் கலை. அமெரிக்காவின் போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்ளே கரித்த புதிய ஓக் கலனில் வைக்க வேண்டும், நிறம் சேர்க்கக்கூடாது. ஐரிஷ் விஸ்கி பெரும்பாலும் மும்முறை வடித்தது. ஜப்பானியர்கள், 1918-ல் ஸ்காட்லாந்து சென்று தொழில் கற்றுவந்த மசடாகா டகெட்சுரு வழியாக, ஸ்காட்லாந்து முறையையே பின்பற்றுகிறார்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. அம்முண்டி சர்க்கரை ஆலைப் பக்கம் அரவைக் காலத்தில் போனவர்களுக்கு மொலாசஸ் என்ற கழிவுப்பாகின் அந்தக் கருவெல்ல வாசம் தெரிந்திருக்கும். இந்தியாவில் விஸ்கி என்று விற்கும் மலிவு வகைகளில் பெரும்பகுதி, இத்தகைய மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ 96 சதவீதம்வரை வடித்த நடுநிலைச் சாராயத்தை (நியூட்ரல் ஸ்பிரிட்) அடிப்படையாகக் கொண்டது. அதில் சிறிது மால்ட் சாராயமோ, மொத்தமாக இறக்குமதி செய்த ஸ்காட்சோ, மணப்பொருளோ கலந்து, கேரமல் நிறமூட்டி, 42.8 சதவீதத்துக்கு நீர்ப்பார்கள். இந்த விசித்திர எண், பழைய பிரிட்டிஷ் அளவையில் 75 டிகிரி புரூஃப். அவ்வளவு உச்சத்துக்கு வடித்தால் மூலப்பொருளின் குணம் எதுவும் தங்காது, ஸ்காட்ச் 94.8-க்குக் கீழும் போர்பன் 80-க்கு மிகாமலும் வடிக்கப்பட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது இதற்காகவே. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய கலவையை விஸ்கி என அழைக்க இடம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் மொலாசஸ் சாராயத்தை விஸ்கியாக ஏற்பதில்லை. எனவே இது கலப்படமன்று, வேறு பொருள். அடையாளம் காண நிறத்தைப் பார்க்காதீர்கள், ஸ்காட்சிலும் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. லேபிளில் சிறிய எழுத்தில் உள்ள கலவை விவரத்தைப் படியுங்கள். நியூட்ரல் ஸ்பிரிட் என்ற சொல் இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. விலை உயர்ந்தாலும் வயது கூடினாலும் உடலுக்குச் செய்யும் தீங்கில் சலுகை கிடையாது. ஆல்கஹால் எல்லாவற்றிலும் ஒன்றே.

மீதமுள்ள பாட்டிலுக்கு வருகிறேன். ஒயினைப் படுக்கவைக்கலாம், விஸ்கியைக் கூடாது. 46 சதவீத ஆல்கஹால் ஆண்டுக்கணக்கில் நனைத்துக்கொண்டிருந்தால் தக்கை நொந்துபோகும், தக்கைவாசமும் உள்ளே இறங்கும். முறிந்த தக்கைத் துணுக்குகளைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டிவிட்டு, முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வராவிட்டால் கவலையில்லை. பாதிக்குக் கீழ் வந்துவிட்டதென்றால், காற்று குறைவாக இருக்கும்படி இறுக்கமான திருகுமூடி உள்ள சிறிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி, ஓராண்டுக்குள் முடிப்பது நல்லது. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையின் பீரோ சித்திரை வெயிலில் அடுப்புபோல் ஆகிவிடும் என்பதால், கீழ்த்தளத்தில் வெளிச்சம் படாத ஓர் அலமாரியில், நிமிர்த்தி வைக்கவும்.